நடுச் சீட்டு

அக். 22, புதன்

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. இவர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் வாசலிலேயே நனைந்துகொண்டு.

இவருக்கு இன்று சஷ்டி விரதம் தொடக்கம். விடிந்ததும் குன்றத்தூர் போய், மலையேறி, காப்புக் கட்டிக்கொண்டு வந்தாயிற்று. பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். ராத்திரி ஒரு டம்ளர் பால், வாழைப்பழம். திங்கள் சாயங்காலம் சூரசம்ஹாரம் பார்த்த பிறகுதான் சோறு. எல்லாம் ரேவதிக்காக. மகள் கோயம்புத்தூரில். இது நாலாவது மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை தங்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். சர்க்கரை இருக்கிற மனுஷன் பட்டினி கிடக்கலாமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் அந்தக் குழந்தை வேண்டும்.

சர்க்கரை மாத்திரை மட்டும் வழக்கம்போல் காலையில். மாத்திரை சாப்பாட்டில் சேராதாம், அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்ணீரோடு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வாங்க: வாழைப்பழம், கற்பூரம், பாத்திரம் தேய்க்கிற நார்.

மத்தியானம் சீட்டு எடுத்தேன். டாரட் சீட்டு. ரேவதி ஆன்லைனில் வாங்கியது, போன தடவை வந்தபோது இங்கேயே விட்டுவிட்டாள். இரண்டாவது கலைந்த சமயம் இதை வைத்துக்கொண்டுதான் மனதை ஆற்றிக்கொண்டாளாம். எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். “இது ஜோசியம் இல்லம்மா. என்ன நடக்கும்னு கேக்கவே கூடாது. உனக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்கத்தான்.” மூன்று சீட்டு. முதலாவது, நான் இருக்கிற நிலை. நடுவில், நான் பார்க்க மறுப்பது. கடைசி, நான் செய்ய வேண்டியது. பார்த்ததும் தோன்றுவதை எழுதி வைக்க வேண்டும்.

முதல் சீட்டு நிலா, கீழே இரண்டு நாய்கள் ஊளையிடுகின்றன. நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள். கடைசியில் ஏதோ கோப்பை. ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்காதா என்று மட்டும் தோன்றியது.

இவர் எட்டிப் பார்த்து, “இன்னாடி, தனியா ரம்மி ஆடிக்கினு கீற?” என்றார். சிரித்தேன்.

சாயங்காலம் வேனைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். “ரேவதி எழுந்துட்டாளா?” நான் முழித்தேன். “எங்க, கோயம்புத்தூர்லயா?” கையிலிருந்த ஈரத் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் அவரே சிரித்தார். இந்தக் குளிரில் நெற்றி முழுக்க வியர்வை.

அக். 23, வியாழன்

மழை இல்லை. பள்ளிக்கூடம் உண்டு. அடுத்த வேளைக்காக மேகம் நிற்கிறது.

காலை டிரிப் முடித்து வந்த வேனில் இடப் பக்கக் கண்ணாடி இல்லை. ஏதோ கம்பத்தில் உரசிற்றாம். வருஷக்கணக்காக இதே ரோடு, இதே கம்பம்.

மார்க்கெட்டில் செல்வியைப் பார்த்தேன். வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற ஆயா. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியாக்கா? இன்னிக்கு ரெண்டு ஸ்டாப்ப தாண்டிப் பூட்டாரு. அண்ணே அண்ணேன்னு கத்துறேன், திரும்பவே இல்ல. கண்ணு தொறந்துதான் கீது. பசங்க சிரிக்குதுங்க, எனக்குப் பேஜாரா கீது.”

“பட்டினி. வேற ஒண்ணும் இல்ல” என்றேன். என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வருகிறது.

சீட்டு. நன்றாகக் கலைத்தேன், தரையில் பரப்பிக்கூடக் கலைத்தேன். நடுவில் மறுபடி அதே கண் கட்டிய பெண். எரிச்சல். அவளை மட்டும் கட்டின் அடியில் செருகிவிட்டு எழுந்துவிட்டேன். இப்படிச் செய்யக் கூடாது என்று ரேவதி சொல்லியிருக்கிறாள். செய்தேன்.

ரேவதி போன். வாந்தி குறைந்திருக்கிறதாம். புளிச்சாதம் கேட்கிறது. “அப்பா கிட்ட சொல்லும்மா, அவரு விரதத்த நெனச்சாலே எனக்குத் தைரியமா இருக்கு.”

அக். 24, வெள்ளி

காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியவில்லை இவருக்கு. மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வேறு. கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, எதுவுமே நடக்காத மாதிரி சாவியை எடுத்தார்.

நான் வழியை மறித்தேன். “நாலு நாளைக்கு வேற டிரைவர அனுப்புங்க. கொழந்தைங்க வண்டிங்க அது.”

“விரதத்துல கெடக்கிறவன் ஆயிரம் தடவ வண்டி ஓட்டி இருக்கான். மனசு தளரச் சொல்றியா? ரெண்டு தடவ இன்னா ஆச்சுன்னு மறந்து பூட்டியா?”

மறக்கவில்லை. முதல் தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது நான். விலகி நின்றேன்.

கிளம்பினார். டிரிப் முடிந்து வண்டிச் சத்தம் கேட்கும்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. துவைத்த துணியையே மறுபடி சோப்பில் போட்டிருக்கிறேன்.

சீட்டு: நடுவில் தேர். தலைகீழாக. தேரோட்டியின் தலை கீழே, சக்கரம் மேலே. விளக்கப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எனக்கு விளக்கம் தேவையும் இல்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

அக். 25, சனி

லீவு. மழை. வண்டி ஓடாத நாள், அதனால் நல்ல நாள். மத்தியானம் முழுக்கத் தூங்கினார். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரி.

அக். 26, ஞாயிறு

தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பிய டப்பா மாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. வாங்கப் போனேன். ஹாஜிரா அக்கா உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்குப் பெருங்களத்தூரில் கண்ணாடிக் கடை. அவருக்கும் சர்க்கரை, இவருக்குக் கொடுக்கிற அதே மாத்திரை.

இவர் விரதத்தைச் சொன்னேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“மாத்திரைய நிறுத்திட்டீங்கல்ல?”

“இல்லக்கா. தெனம் காலைல போடுறாரு.”

“வெறும் வயித்துலயா? யம்மா! நோன்புக்கு முன்னாடியே நாங்க டாக்டரப் பாத்து மாத்திரைய மாத்திக்குவோம். ஒரு வருஷம் அவரு கேக்காம காலைலயே போட்டுட்டு நோன்பு வெச்சாரு. கடையில கண்ணாடி அறுக்கிறப்ப அப்பிடியே நின்னுட்டாரு, கையில கட்டரோட. சாப்பாடு இல்லாம அத போட்டா சர்க்கரை கீழ இறங்கிடும் வசந்தி. ஆளு பாக்க நல்லா இருப்பாரு. உள்ள ஆளே இருக்க மாட்டாரு.”

வியர்வை, பொத்தான், கெட்ட வார்த்தை, தாண்டிப்போன ஸ்டாப். எல்லாவற்றுக்கும் விரதத்தைக் குறை சொல்லிக்கொண்டு, விரதத்தைக் குறை சொன்னதற்காக முருகனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தேன். தினம் காலையில் உறையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தது யார்? நான். இந்தக் கைதான்.

இவரிடம் சொன்னேன். “டாக்டர் ஒரு நாளும் விடாதன்னாரு, மாடி வூட்டம்மா டாக்டரா?” ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டு. போன் எடுக்கவில்லை. “நாளைக்கு ஒரு நாள்தான்டி. இவ்ளோ தூரம் வந்துட்டு கரையில வுட சொல்றியா?”

மாத்திரை அட்டையை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். வண்டிச் சாவியையும் ஒளித்துவிடலாமா என்று நின்றேன்.

நின்ற இடத்திலேயே சீட்டைக் கலைத்தேன். மூன்று இல்லை, ஒன்றே ஒன்று. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்: நாளைக்கு ஒன்றும் ஆகாதே?

சூரியன் வந்தது. வெள்ளைக் குதிரை மேல் சிரிக்கிற குழந்தை. கட்டிலேயே நல்ல சீட்டு. ரேவதி குழந்தைதான் என்று அழுகையே வந்துவிட்டது. மாத்திரைதான் இல்லையே, ஒரு நாள்தானே. சாவியைத் தொடவில்லை. வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கப்போகிறேன்.

அக். 27, திங்கள்

எழுத்து கோணல். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலேயே இன்னொரு மாத்திரை அட்டை வைத்திருந்திருக்கிறார். போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலிலேயே ஏறுவார்கள், அண்ணனும் தங்கையும். அவர்களும் ஏறியாயிற்று. செல்வி தெருமுனையில்தான் ஏறுவாள்.

ஈரத் தலையோடு வெளியே வந்தேன். எஞ்சின் ஓடுகிறது, வேன் நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க” என்றேன். வண்டி நகர்ந்தது. முனைப் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம், ஏரிக்கரைக்கு.

ஓடினேன். இந்த வயதில், ஈரப் புடவையில், ஊர் பார்க்க. ஏரி முழுக்க நிரம்பி ரோட்டுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர். வேன் நடக்கிற வேகத்தில்தான் போயிற்று, ஆனால் கரையை ஒட்டி ஒட்டிப் போயிற்று. பின்கண்ணாடியில் அந்தப் பெண் குழந்தை எனக்கு டாட்டா காட்டினாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

முன்சக்கரம் சரிவில் இறங்கியது. வண்டி குலுங்கி அணைந்தது. ஒரு புங்க மரம், அதன் வேரில் இடித்து நின்றது. மரம் இல்லையென்றால். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கதவை இழுத்துப் பிள்ளைகளை இறக்கினேன். அடி இல்லை. இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பையன் அழுகிறான், அவள் அவனைப் பார்த்து அழுகிறாள். இவர் சீட்டில் அப்படியே. சட்டை தொப்பலாக நனைந்து, வாய் கோணி. பையன் பையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட் இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்து இவர் உதட்டில் வைத்தேன்.

வாயை இறுக்கிக்கொண்டார். என் பேர் தெரியாத நிலைமை, ரோடு தெரியாத நிலைமை, விரதம் மட்டும் தெரிந்தது அவருக்கு. தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினேன். இருமினார், விழுங்கினார். மறுபடி ஊற்றினேன். ரேவதியை நினைத்துக்கொண்டேதான் ஊற்றினேன். மன்னிக்கச் சொல்லி யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் ஆள் வந்தார். “வசந்தி, இங்க இன்னா பண்ற?” என்றார்.

அப்புறம் கூட்டம். பிள்ளைகளின் அம்மா வந்தாள். என்னை ஒன்றும் திட்டவில்லை, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்களைத் திரும்பியே பார்க்காமல் போனாள். கிளினிக். குளுக்கோஸ் பாட்டில். டாக்டர் இவரைத் திட்டினார், பிறகு என்னை. இனிமேல் வேன் ஓட்ட மாட்டேன் என்று இவரே சாவியைச் செல்வியிடம் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார், “வாயில இன்னா ஊத்தின?” பொய் சொல்லத் தெம்பில்லை. “ஜூஸ்” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போய் டிவியைப் போட்டார். டிவியில் சூரசம்ஹாரம் ஓடிற்று, சத்தமில்லாமல்.

விளக்கேற்றுகிற நேரத்தில் ரேவதி போன். குரல் தேய்ந்திருந்தது.

“அம்மா, காலைல இருந்து லேசா ரத்தம் படுதும்மா. ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். அசையாம படுக்கச் சொல்லி இருக்காங்க. துடிப்பு இருக்குதாம், பயப்படாத. அப்பா விரதம் முடிச்சுட்டாரா? நல்லபடியா முடிஞ்சுதா?”

காலையில் எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் இனிமேல் வாழ்நாள் முழுக்க அந்த நேரத்தையும் ஜூஸ் ஊற்றின நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“முடிச்சிட்டேன் கண்ணு. சம்ஹாரம் பாத்துட்டுதான் இப்ப வாயில சோறு வெச்சேன். ஒரு கொறையும் இல்ல. நீ தைரியமா தூங்கு.”

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.