கழற்றிப் பார்த்த விமானம்

சின்னக்கானல்,
ஞாயிறு

அன்பு மகள் தமிழ்ப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மழைதான் அமோக நலம், நாங்கள் சுமார். நீ அசாமில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசலாமென்றால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அழுகிறாள், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ பராமரிக்கும் அந்தக் குட்டி ரக விமானங்களின் வால் பலகைக் கீல்களைக் கழற்றிப் பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும் என்று உத்தரவு வந்ததையும், முதல் விமானத்தில் நீ கழற்றிப் பார்த்து ஒரு குறையும் இல்லாமல் போனதையும், இரண்டாவதை வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை நீடிக்காது என்று உன் அதிகாரி சொன்னதையும் உன் அம்மாதான் என்னிடம் சொன்னாள். எம்.ஏ. படித்த என்னை இன்னும் தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காகவே வைத்திருக்கிறார்கள், எனக்கு அந்த அதிகாரி இனத்தை நன்றாகத் தெரியும்.

உன் ஜெகன் மாமாவுக்குத்தான் பெரிய கவலை. ஒண்ணும் இல்லாததுக்குப் போயி ப்ளேனக் கழட்டுவாங்களா, வீம்பு பண்ணாமக் கையெழுத்தப் போடச் சொல்லு மச்சான் என்றான். உன் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கேட்டபோது பேனா எழுதவில்லை என்றவன் இவன். இவனுடைய மூன்று ஜீப்புகளுக்கும் சேர்த்து நல்ல டயர் நான்குதான். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஃபிட்னஸ் சோதனை நாளில் அவை வண்டிக்கு வண்டி மாறும், மறுநாள் மொட்டை டயரில் சுற்றுலாக்காரர்கள் கொழுக்குமலை ஏறுவார்கள். இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்பது அவன் சாஸ்திரம்.

நேற்று சாயங்காலம் வந்தான். மாமி முருகேஸ்வரிக்கு உங்கள் அசாம் காமாக்யா கோயிலில் வேண்டுதலாம், அப்படியே உங்கள் குட்டி விமானத்தில் பிள்ளைகளோடு ஒரு சுற்றுப் போவதாகத் திட்டமாம். என்னைத் தனியே வாசலுக்குக் கூப்பிட்டு, மச்சான், புள்ள எந்தப் ப்ளேனக் கழட்டிப் பாத்துச்சோ அதுலயே டிக்கெட் கிடைக்குமான்னு கேளுங்க என்றான். நான் சிரிக்கவில்லை, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அவனுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். இரண்டாவதையும் கழற்றிப் பார்த்துவிடு. அவன் எதில் ஏறுவானோ தெரியாது, எதில் ஏறினாலும் பத்திரமாக இறங்கி வர வேண்டும், அவனிடம் நான் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

வேலை போனால் போகட்டும், உன் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது. மாரியம்மன் உன் பக்கம் நிற்பாள். ஒன்று மட்டும் மறக்காதே, வருவதானால் மூணாறிலிருந்து பஸ்ஸில் வா, மாமா ஜீப்பை அனுப்பினால் ஏறாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரீஸ்வரன்