கட்டத்தில் முதல் இடம்

4-11-74, திங்கள்

மழை. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர், பயிற்சி இல்லை. ஹாஸ்டல் உப்புமா இன்றும் அடிப்பிடித்த வாசனை.

சனிக்கிழமை மதுராந்தகத்தில் தோற்றதற்கு பி.டி. மாஸ்டர் கத்தினார். "தேசப்பன் போனதோட உங்க கபடியும் போயிடுச்சாடா?" மூர்த்தி அங்கேதான் நின்றிருந்தான். அவன் அண்ணன் தேசப்பன் கட்டுமரம் கவிழ்ந்து கடலோடு போய் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. உடல் கிடைக்கவில்லை. மனுஷனுக்கு வாயில் பூட்டு வேண்டாமா?

ஒரு முடிவு எடுத்தேன். அவுட் ஆனவர்கள் கோட்டுக்கு வெளியே கட்டத்தில் வரிசையாக உட்காருவோம் அல்லவா, அதில் முதல் இடம் இந்த வருஷம் முழுக்க தேசப்பனுக்கு. யாரும் உட்காரக் கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். சம்பத் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கேப்டனாக நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

16-11-74, சனி

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் தோல்வி.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். அவர்களில் ஒருவனை அமுக்கிவிட்டோம். எதிரணியில் ஒருத்தன் அவுட் ஆனால் நம்மில் முதலில் உட்கார்ந்தவன் எழுந்து வர வேண்டும். சம்பத்துடைய முறை. நடுவர் இரண்டு தடவை விசில் ஊதியும் அவன் அசையவில்லை.

"இன்னாடா, தூங்கறியா?"

"இல்ல கேப்டன்... முன்னாடி தேசப்பன் எழுந்துக்கட்டும்னு குந்திகினு இருந்துட்டேன்."

பேத்தல். ஆனால் ஆட்டம் முடிந்து பார்த்தேன், அந்த முதல் இடத்து மண் மட்டும் ஈரம். யாராவது செம்பைக் கவிழ்த்திருப்பார்கள்.

30-11-74

தோல்வி. மறுபடியும் ஈரம். இன்று செம்பே கொண்டுபோகவில்லை.

7-12-74, சனி

மூர்த்தி மாதிரி மூச்சு விடாமல் கபடி பாடிப் போகிறவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அவன் இன்று நேராக நாலு பேர் நடுவில் போய் நின்றுகொண்டான். பிடித்துக்கொள் என்று கையை நீட்டாத குறை. அவுட் ஆனதும் ஓடி வந்து அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடு நடுவே நிறுத்தி, கேட்கிறவன் போல் தலையைச் சாய்த்தான். அப்புறம் சிரித்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தோற்றதுகூட உறைக்கவில்லை.

15-12-74, ஞாயிறு

கோவளத்தில் மூர்த்தி வீட்டுக்குப் போனேன். அவர்கள் அம்மா ஆதியம்மாள் வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருந்தது. கருமாதி எப்போது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உடல் கிடைக்காவிட்டால் அவன் உடுத்தின துணியைக் கடலில் விட்டு முடிப்பது அவர்கள் குப்பத்து வழக்கம்.

"உங்க ஆட்டத்துல அவனுக்கு எடம் வச்சிகினு கீறீங்களாமே தம்பி. மூர்த்தி சொன்னான். சிநேகிதக்காரங்க நீங்களே வச்சிகினு கீறப்போ, பெத்தவ நான் எப்படிப்பா முடிப்பேன்?"

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சாயந்தரம் கரையில் மூர்த்தியைப் பார்த்தேன். காலால் ஈர மணலில் ஒரு கோடு கிழித்தான். "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே அலைக்குள் ஓடினான். இடுப்பு, மார்பு, தலை முங்கியது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது, சத்தியமாகக் கேட்டது. நான் பாய்வதற்குள் அவனே திரும்பி வந்து கோட்டைத் தொட்டான்.

"இன்னாடா பண்றே, பைத்தியமா உனக்கு?"

"ரூலு தானே கேப்டன். நான் அந்தாண்ட போயி குந்திகினா, அண்ணன் இந்தாண்ட எழுந்து வந்துருவான். அவனே சொன்னான். இன்னும் மூச்சு பத்தல, அவ்ளோதான்."

மூச்சு பத்தவில்லையாம். பத்திவிட்டால்?

16-12-74

அந்த இடத்தை எடுத்துவிடலாம், வரிசையாக உட்காருங்கள் என்றேன். ஒருத்தனும் மாட்டேன் என்கிறான். "வச்சது நீ. வோணும்னா நீ போய் குந்து" என்றான் சம்பத். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் என்ன தப்பு?

நான் வைத்ததுதானே. எனக்குப் பயமாக இருக்கிறது.

11-1-75, சனி

கடைசி ஆட்டம். மாமல்லபுரம், சவுக்குத் தோப்பை ஒட்டிய மைதானம், கடல் சத்தம் காதிலேயே. ஆதியம்மாளும் வந்து தோப்பு நிழலில் நின்றாள்.

முதல் பாட்டு நானே போனேன், வேண்டுமென்றே பிடிபட்டேன். நேராகப் போய் முதல் இடத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் மணல் சுட்டது. அங்கே மட்டும் உட்கார்ந்ததுமே டிராயர் நனைந்து சில்லென்றது.

பாடிக்கொண்டிருந்த மூர்த்தி என்னைப் பார்த்ததும் பாட்டை விட்டுவிட்டான். அவுட். என்னிடம் ஓடி வந்தான். "எழுந்துரு கேப்டன்! அது அண்ணன் எடம்! அவன் எங்க குந்துவான்?" நான் அசையவில்லை.

நம்மவர்கள் ஒருத்தனை மடக்கினார்கள். நடுவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். எழுந்திருக்க முடியவில்லை. மடிமேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல, நனைந்த வலை பாரம். "தேசப்பா, விடுடா" என்றேன், வாய்விட்டே. அப்புறம் பாரம் குறைந்தது. எழுந்தேன்.

எழுந்தது நான். தேசப்பன் இல்லை. அதை மூர்த்தியும் பார்த்தான், தோப்பில் நின்ற ஆதியம்மாளும் பார்த்தாள். மூர்த்தி மண்ணில் விழுந்து கதறினான். சேதி வந்த நாளிலிருந்து அவன் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

ஆட்டம் தோல்விதான். எத்தனை பாயிண்டில் என்று ஞாபகம் இல்லை.

19-1-75, ஞாயிறு

கருமாதி முடிந்தது. தேசப்பனுடைய பனியனையும் டிராயரையும் கடலில் விட்டார்கள். இரண்டு அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மூன்றாவது எடுத்துக்கொண்டது. மூர்த்தி மொட்டைத் தலையோடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். ஆதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லாருக்கணும் தம்பி" என்றாள்.

8-2-75, சனி

பயிற்சி. மூர்த்தி பழையபடி பறக்கிறான். அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று பி.டி. மாஸ்டர் டீ வாங்கித் தந்தார், அதிசயம்.

மூர்த்தி ஒரு தடவை அவுட் ஆகி முதல் இடத்தில் உட்கார்ந்தான். கூப்பிட்டதும் எழுந்து வந்தான். அவன் டிராயரில் வெறும் மணல்தான்.

மற்றபடி தினமும் முதலில் அவுட் ஆவது நான். "இன்னா கேப்டன், நீயே போயி அவனுங்க கையில மாட்டிக்கிறே?" என்று சம்பத் கேட்டான். கால் வழுக்கிவிட்டது என்றேன்.

வியாழக்கிழமை துவைத்துப் போட்ட டிராயர் இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல வெயில்தான்.

முன்னைவிட இப்போது எனக்கு அதிக நேரம் மூச்சு தாங்குகிறது. நாளை ஞாயிறு, கோவளம் கரைக்குப் போகிறேன். மூர்த்தியிடம் சொல்லவில்லை.