நிறம் கேட்டவள்

அன்புள்ள என்னவருக்கு,

முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை உங்கள் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.

நம் இருவரின் மரபணுவிலும் மறைந்திருந்த தலசீமியா என்ற ரத்த நோய்தான் நம் பல்லவியை ஆறு வயதில் கொண்டுபோனது. அடுத்த குழந்தைக்கு அது வராதபடி கருவை வெளியே உருவாக்கி, சோதித்து, வயிற்றில் வைக்கலாம் என்றுதான் பெங்களூரு போனோம். அங்கே, உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"டாக்டர், அப்படியே நெறத்தையும் பாத்து எடுக்க முடியுங்களா? இவரு மாதிரி கறுப்பா வேணாம்."

"நோய் இருக்கான்னு மட்டும்தாம்மா பாப்போம். நெறத்தைப் பொறுக்கி எடுக்கறது என் வேலை இல்ல," என்றார்.

நீங்கள் குனிந்து ஃபைலைக் கட்டினீர்கள். ஊர் திரும்பும் ரயில் பங்காருபேட்டையைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "நம்ம பல்லவியும் என் நெறந்தானே?"

இப்போது சொல்கிறேன். ஆமாம், உங்கள் நிறம்தான். நம் ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணம் என்றால் அவளுக்குக் கழுத்துவரை பவுடர் அப்புவேன். உங்களுக்குத் தெரியாது, ஒருநாள் கேட்டாள்: "அப்பாக்கு போடல, எனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா?" அதட்டி உட்காரவைத்தேன். நோயாளிப் பிள்ளையை.

நேற்று நர்ஸ் போன் செய்தாள். இரண்டு கருக்களில் ஒன்றுக்கு நோய் இல்லையாம். அதை வயிற்றில் வைக்கத் திங்கட்கிழமை வரச் சொன்னாள். இதைப் படித்த பிறகும் உங்களுக்கு மனமிருந்தால் போகலாம்.

வேறு எதுவும் அவளிடம் நான் கேட்கவில்லை.

உங்கள் மனைவி