மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சது

வெள்ளானூர்
4.6.1988

அன்புள்ள மச்சான் ஜெயபாலுக்கு,

வேம்புலி எழுதிக்கிறது. இங்க எல்லாம் சொகமா கீறோம். அங்க நீ, ஞானகுமாரி அக்கா, அக்கா ஊட்டுக்காரரு எப்பிடி கீறீங்க? மூணாங்கிளாஸோட நின்னவன் எழுத்து, கொஞ்சம் கூட்டிப் படி.

நீ பாட்டுக்கு அரக்கோணத்துக்கு ரயிலேறிப் பூட்ட. மறுநாளு ஃபோர்மேன் பரந்தாமன் தகடு அடிக்கற என் பிரஸ்ஸாண்ட வந்து, "இன்னாடா, உன் கூட்டாளி எங்க?"ன்னான். நான் இன்னா சொல்றது? மனோகரனுக்கு மிஷின்ல ரெண்டு வெரலு போன நாள்லருந்து என் கூட்டாளிக்குப் பெடலாண்ட போனாலே காலு வெடவெடன்னு ஆடுது, தூக்கமில்ல, சோறு எறங்கலன்னு சொல்ல முடியுமா? சொன்னா ஷாப்பு பூரா உனக்குக் 'கீழ்ப்பாக்கம்'னு பேர் வெச்சிருப்பானுங்க. வேலுசாமி ஒரு தபா வாயத் தொறந்துகினு தூங்கினதுக்கே இன்னி வரைக்கும் 'முதலை'ன்னு தானே கூப்புட்றானுங்க. அவன் கல்யாணப் பத்திரிகைலயே எவனோ பேனாவால எழுதிட்டான். பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டு அது பெரிய ரகளையாயி... சரி, அத்த உடு.

வாய்க்கு வந்தத சொன்னேன். "மஞ்சக்காமாலை சார்." பரந்தாமன் ரெண்டு அடி தள்ளி நின்னுகினான்.

மனோகரன் ஆஸ்பத்திரிலருந்து ஊட்டுக்கு வந்துட்டான். நீ எப்ப வர்ற? நீ இல்லாம எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

இப்படிக்கு,
வேம்புலி


அரக்கோணம்
10.6.1988

அன்பு வேம்புலிக்கு தோத்திரம்.

காமாலைன்னு சொன்னதுக்கு உனக்குக் கோயில் கட்டணும். அப்பிடியே இருக்கட்டும். யாராண்டயும் உண்மைய சொல்லாத.

இங்க ஒரு எடத்துல உக்கார முடியல. காலையில டேசனுக்குப் போறேன், திரும்பி வர்றேன், மறுபடியும் போறேன். டிக்கெட் கலெக்டர் என்ன சிஐடின்னு நெனச்சுட்டாரு. படுத்தா வலது காலு தானா மிதிக்குது. அக்கா பாத்துட்டு அழுவுது.

ஒண்ணே ஒண்ணுதான் வேம்புலி. மனோகரன் தகட்ட உள்ள வெச்சு, கைய வெளிய எடுத்துட்டு, "ஆச்சு"ன்னு கொரல் குடுத்தாதான் நான் பெடல மிதிக்கணும். பன்னெண்டு வருசமா அதானே நம்ம வழக்கம். அன்னிக்கு அவன் "ஆச்சு"ன்னானா? கேட்டா மாதிரியும் கீது, கேக்காத மாதிரியும் கீது. கேக்காம மிதிச்சேன்னா அந்த ரெண்டு வெரலையும் நான் தானே எடுத்தேன். இத்த யாராண்ட போய் கேக்கறது? மனோகரன் மூஞ்சிய எப்பிடி பாக்கறது?

அரை மணி நேரத்துல மிஷின கழுவி உட்டு, "உம், ஆவட்டும்"னு அதே பெடலாண்ட என்ன நிக்க வெச்சானே பரந்தாமன்.

உன்,
ஜெயபால்


வெள்ளானூர்
22.6.1988

அன்புள்ள மச்சானுக்கு,

உன் காமாலை இங்க பண்ற கூத்து கொஞ்சநஞ்சம் இல்ல. ஷாப்புல ஆளாளுக்குக் கீழாநெல்லி புடுங்கியாந்து என் தலையில கட்டறானுங்க, உன்னாண்ட சேக்கச் சொல்லி. வேலுசாமி பூந்தமல்லி பக்கமெல்லாம் வயக்காட்டுல தேடி ஒரு கோணி கொண்டாந்தான். எங்க போட்றது? எதிர்வூட்டு கெங்கம்மா ஆட்டுக்குப் போட்டேன். அந்த ஆட்டுக்கு உலகத்துல எந்தக் காமாலையும் வராது.

பரந்தாமன் பயந்து பூட்டான். கேண்டீன்ல இப்ப தண்ணிய காய்ச்சித்தான் ஊத்தறாங்க. நாம ஆறு வருசமா கேட்டு நடக்காதது, உன் காமாலைல நடந்துச்சு. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. ஈரல்ல நோவுன்னா தண்ணி காய்ச்சறான். மனசுல நோவுன்னா இன்னாத்த காய்ச்சுவான்?

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டிட்டான். ஜூலை பதினொண்ணாந்தேதி திங்கக்கெழம காலை ஷிப்டுக்கு டாக்டர் சீட்டோட நீ வரணும். இல்லாட்டி பேர அடிச்சுடுவாங்களாம். உன் ஊட்டுக்கும் தபால் போட்டிருக்கானுங்க. இன்னா பண்ணலாம் சொல்லு. எனக்கு இருப்புக் கொள்ளல.

மனோகரன் வேலைக்கு வந்துட்டான். ஸ்டோர்ல உக்காந்து எடது கையால போல்ட்டு நட்டு எடுத்துக் குடுக்கறான். "ஜெயபாலுக்கு எப்பிடி கீது?"ன்னு கேட்டான். "தேறிகினு வரான்"னேன்.

வேம்புலி


அரக்கோணம்
27.6.1988

வேம்புலிக்கு,

இல்லாத காமாலைக்கு எந்த டாக்டர் சீட்டு குடுப்பான்? அக்கா கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிகினு போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. அங்க குடுக்கற சீட்ட நம்ம ஆபீஸ்ல நீட்டினா இன்னா ஆவும்? நாளைக்கு என் புள்ளைங்கள இஸ்கூல்ல 'கீழ்ப்பாக்கத்தான் புள்ள'ன்னு கூப்புடுவானுங்க.

வேலை போனா போவுது. இங்க மார்க்கெட்டுல மூட்டை தூக்கிப் பொழச்சிக்கிறேன். ஜெயசீலியாண்ட மட்டும் நீ ஒரு வார்த்த சொல்லிடு. என் பொண்டாட்டிக்கு லெட்டர் எழுத உக்காந்தா எனக்குக் கை வரல.

ஜெயபால்


வெள்ளானூர்
2.7.1988

மச்சான்,

நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டு.

நேத்து பத்து மணி டீக்கு கேண்டீன்ல உக்காந்துகினு இருந்தோம். போண்டா உள்ள மாவு வேகலன்னு எல்லாரும் சமையக்காரன் மேல பாய்ஞ்சிகினு இருந்தானுங்க. அவனுக்கும் போன வாரந்தான் மாமியாக்காரியோட சண்டையாம். இந்த வேலுசாமி சொம்மா இல்லாம, "காமாலைக்காரன் அக்கா ஊட்டுல நல்லா துன்னுகினு கீறான், நாம இங்க லோல்படறோம்"னான். எனக்கு எங்கருந்து கோவம் வந்துச்சோ தெரியல. "காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெடலப் பாத்தா அவனுக்குக் காலு நடுங்குது, ராவெல்லாம் தூக்கமில்ல, அக்கா கீழ்ப்பாக்கத்துக்குக் கூப்புடுது"ன்னு போட்டு ஒடைச்சிட்டேன்.

ஒருத்தன் கெக்கேன்னு சிரிச்சான். வேற எவனும் சிரிக்கல. மனோகரன் டீ கிளாச கீழ வெச்சான்.

"எதுக்குடா நடுங்குது?"

"நீ ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்ன மிதிச்சுட்டனோன்னு தெரியல அவனுக்கு"ன்னேன்.

"அடப்பாவி. நான் சொன்னேன்டா. கைய உள்ள வெச்சுகினே ஆச்சுன்னுட்டேன். பரந்தாமன் முதுகாண்ட நின்னுகினு 'இன்னும் நூறு தகடு ஆவலயா, நூறு ஆவலயா'ன்னு கூவினானே, வாய் முந்திக்கிச்சு. இவன் காமாலைல படுத்துகினு கீறான்னு தானேடா நெனச்சேன். தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரி கட்டோட ரயிலேறிப் போய் சொல்லி இருப்பேனே!"

உன்ன காப்பாத்தறேன்னு நான் சொன்ன பொய்தான் மச்சான், அவன் வாய அடைச்சு வெச்சிருந்துச்சு.

அப்புறம் நடந்தத கேளு. வேலுசாமி எந்திரிச்சான். "எனக்கும் அன்னிலருந்து அந்த மிஷின் சத்தம் காதுலயே கீது, ஊட்டுல புள்ளய காரணமில்லாம அடிக்கறேன்"னான். முதலை அழுது நீ பாத்திருக்கியா? நான் பாத்தேன். சாயங்காலம் பதினோரு பேரா பரந்தாமனாண்ட போனோம். கை உள்ள கீறப்ப பின்னால நின்னு கூவக் கூடாது, மனசு சரியில்லாத அன்னிக்குப் பேக்கிங்ல உக்காரலாம், காரணம் கேக்கக் கூடாதுன்னோம். "இன்னா, எல்லாரும் சேந்து டபாய்க்கிறீங்களா?"ன்னு எகிறினான். அப்பால ஒரு மாசம் பாக்கலாம்னான். இன்னிக்குக் கூவாம இல்ல, கதவாண்ட நின்னு கூவினான். மொத ஆளா பேக்கிங்ல போய் உக்காந்தது வேலுசாமிதான்.

நீ சொல்லாதன்னத நான் சொல்லிட்டேன். பதினொண்ணாந்தேதிக்கு இன்னும் ஒம்பது நாளு. வருவியா? ஒரு கார்டு போடு. தபால்காரன் சைக்கிள் பெல்லு கேட்டா வாசலுக்கும் ஊட்டுக்கும் ஓடிகினு கீறேன்.

வேம்புலி


அரக்கோணம்
7.7.1988

வேம்புலிக்கு,

உன் லெட்டர கிழிச்சுட்டேன். அப்புறம் தரையில வெச்சு ஒட்டவெச்சுப் படிச்சேன். கோவம் இன்னும் போவல. என் நோவ போண்டாவுக்கு நடுவுல எடுத்து உட்டியே. ஜெயசீலி காதுக்கு யார் யார் வாயிலருந்து போச்சோ.

மனோகரன் சொன்னத பாதி நம்பறேன். என்ன தேத்தறதுக்கு சொல்லி இருப்பானோன்னு மீதி பாதி அடிச்சுக்குது. அவன் கண்ணப் பாத்துதான் கேக்கணும்.

நேத்து அக்காவோட கீழ்ப்பாக்கம் போனேன். வரிசைல எனக்கு முன்னால காக்கிச்சட்ட போட்ட பஸ் டிரைவர் ஒருத்தரு, பின்னால ஒரு பேங்க் கிளார்க்கு. மூணு பேரும் மூஞ்சிய மூடிகினு நின்னோம். டாக்டரம்மா முக்கா மணி நேரம் கேட்டுச்சு. மாத்திர குடுத்துச்சு. நேத்து நாலு மணி நேரம் தூங்கினேன். சீட்டுல ஆஸ்பத்திரி பேரும் கீது, நோவு பேரும் கீது. மாத்தி எழுதறீங்களான்னு கேக்க வாயெடுத்தேன், கேக்கல.

திங்கக்கெழம காலை ஷிப்டுக்கு வர்றேன். பெடலாண்ட போவ மாட்டேன், பேக்கிங்ல உக்காந்துக்கிறேன். கேட்டாண்ட எவனாவது "இன்னா ஒடம்பு?"ன்னு கேட்டா நீ முந்திக்காத. நான் சொல்லிக்கிறேன்.

ஜெயபால்