சேலையூர்ப் பூங்காவில் தூங்குகிறவள்

பக்கத்து மனையில் மாடி எழுப்புகிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை முகத்தில் அடித்தது. காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் புடவையெல்லாம் இந்த வாசனைதானே அடிக்கும்! டிராயிங் டீச்சர் என்றால் பவுடர் பூசி, குடை பிடித்து வருவாள் என்று என் மாமியார் நினைத்திருந்தார். நீயோ சாரம் ஏறி இறங்கியவள் மாதிரி என் வீட்டுக்குள் நுழைவாய். நீ போன செய்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லையடி. இன்று வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நகரசபைக்காரர்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தார்களே, பூங்காவுக்கு ஒரு சிலை என்று. சிமெண்டும் கம்பியும் அவர்கள் தருவார்கள், உழைப்பு குடியிருப்பு மக்களுடையது. சிற்பக்கலை படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பூவும் கிளியும் வரையச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த நீ முதல் ஆளாகக் கையைத் தூக்கினாய். யாருக்குச் சிலை என்பதில்தான் வந்தது வினை. ஒருவர் கட்சித் தலைவர் என்றார், ஒருவர் வள்ளுவர் என்றார். நீ பூங்காக் குழாயைக் காட்டி, அங்கே தினமும் யார் உட்கார்ந்திருக்கிறாளோ அவளைச் செய்யலாம் என்றாய்.

அவள் கண்ணம்மா. ஏரிக்கரைக் குடிசையிலிருந்து தண்ணீருக்கு வருகிறவள். குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தை மடியில் வைத்துக் காத்திருப்பாள். உனக்காக அதே மாதிரி உட்கார்ந்தாள். உட்காராத நேரத்தில் மணல் சுமந்தாள். கம்பிக் கூட்டின் மேல் ஆளுக்கொரு கை கலவை அப்ப வேண்டும் என்று நீ எல்லோரையும் பாடாய்ப் படுத்தினாய். நானும் அப்பினேன். கண்ணம்மா அப்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டு அம்மாளும் அப்பினார், மூக்கைச் சுளித்துக்கொண்டுதான்.

கண்கள் மட்டும் பாக்கி இருந்தபோது உனக்குப் பள்ளியில் பரீட்சை வேலை வந்துவிட்டது. உனக்குத் துணையாக இருந்த மேஸ்திரி, கோயில் கோபுரங்களில் பொம்மை செய்து பழகிய கை. பாவம், நல்லது செய்வதாக நினைத்து, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்துத் தானே கண்ணைத் திறந்துவிட்டார். மாலையில் போய்ப் பார்த்தால் சிலைக்கு மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். உங்கள் சர்ச் ஆட்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில் இரண்டு மெழுகுவர்த்தி. அடுத்த வாரம் செயலாளர் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்.

அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் கண்ணம்மா நின்றுகொண்டிருந்தாள். வழக்கம்போல் குடத்தோடு போய்ச் சிலையருகே உட்காரப் போனவளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம் மூஞ்சிய வச்சிக்கினு என்னியே தள்ளி நிக்கச் சொல்றாங்கோ டீச்சர்," என்றாள். அவள் அழவில்லை.

திறந்த கண்ணை மூடிவிடுகிறேன் என்றாய். தெருவே பதறியது. அப்படிச் செய்தால் யார் முகத்தைப் பார்த்துச் செய்ததோ அவளுக்குக் கண் போய்விடும் என்றார்கள். நானே உன் கையைப் பிடித்து, வேண்டாமடி, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன்னால் தாங்க முடியாது என்றேன். சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாய்.

கண்ணம்மாதான் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். சிலைக்கு எதிரே சம்மணம் போட்டு, குடத்தின் மேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போனா என் கண்ணுதானே போவுது. நீ மூடு டீச்சர்."

நீ இமைகளை வைத்தாய். அவள் முகத்தைப் பார்ப்பதும் சாந்தை வைப்பதுமாக, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல அத்தனை மெதுவாக. வேலை முடியும் நேரத்தில் செயலாளர் வந்து பார்த்தார். தூங்கினால் என்ன, பெருமாளே படுத்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று மடக்கினார். நீயோ சிலையின் உதட்டில் புதுச் சாந்து அப்பி, பூச்சுக் கரண்டியின் முனையால் கொஞ்சம் பிளந்துவிட்டாய். அவ்வளவுதான். வாயைத் திறந்துபோட்டு அசந்து தூங்குகிற ஒரு பெண்! முதலில் சிரித்தது செயலாளரின் மனைவி. பிறகு அவரும் சிரித்துவிட்டார். குறட்டை விடுகிறவளிடம் போய் யார் வரம் கேட்பது? கயிறு யாரோ ஒருவர் வீட்டில் கொடிக்கயிறாகிவிட்டது. கண்ணம்மாவுக்குக் கண்ணும் போகவில்லை; வயதான பிறகும் என்னை ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டு கூப்பிடுவாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கேம்ப் ரோட்டில் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை, அத்தனை வண்டி. பூங்கா இருக்கிறது, சிலையும் இருக்கிறது. யாரோ அவளுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், நீ பார்த்தால் சண்டைக்குப் போயிருப்பாய். துப்புரவு வேலைக்கு வந்த பெண் ஒருத்தி அவள் தோளில் முதுகைச் சாய்த்து டிபன் சாப்பிட்டுக் கொண்டிருந்தாள்.

உன் மகன் உன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறான். மாலையும் சின்ன விளக்கும் கூடவே வந்தன. நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். என் மருமகள் சுவரில் உயரமாக ஆணி அடிக்கக் கிளம்பினாள். வேண்டாமென்று தடுத்துவிட்டேன். மாலையையும் விளக்கையும் எடுத்து உள்ளே வைத்தாயிற்று. நீ இப்போது அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறாய். உன் மேல் மாவு தெறிக்கிறது, நான் முந்தானையால் துடைக்கிறேன். சமைக்கும்போது கை உன் மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது.