முப்பிடாதி அம்மன் கோவிலில் யாரும் குடியிருக்கவில்லை

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

மச்சினன் முருகேசன் எழுதுகிறேன். தாராவியில் பாதிப் பேர் வீட்டு நினைவஞ்சலி அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பவன், உங்களுக்கென்று இந்த இரண்டு வருஷமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் 'ஆறாத் துயரில் வாடும்' என்று கை தானாக அடித்துவிடுகிறது. உங்களுக்கு அது பிடிக்காது. போடா அழுமூஞ்சி என்பீர்கள்.

அக்கா சுகமாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவளுக்கு வீடு இல்லை என்று ஆகிவிட்டது, அத்தான். நம் சந்து முழுவதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள். யார் யாருக்குப் புது வீடு என்று மழைக்கு முன்னால் லிஸ்ட் ஒட்டினார்கள். இடப்பக்கத்து வீட்டுக்கு உண்டு, எதிர்வீட்டு பாய்க்கு உண்டு. அக்காவின் பெயர் இல்லை. நம் வீடு இருக்கவேண்டிய இடத்தில் 'கோவில்' என்று மட்டும் போட்டிருந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்தச் சாயங்காலம் நினைவிருக்கும். மறுநாள் முனிசிபாலிட்டி இடிக்க வருகிறது என்று தெரிந்து சந்தே அழுதுகொண்டிருந்தது. நீங்கள் பை தைக்கும் கார்கானாவிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏ மாப்ளே, எங்கயாது மூணு செங்கல் கெடைக்குமா பாரு" என்றீர்கள். சயான் பக்கம் கட்டிடம் கட்டுகிற இடத்தில் கெஞ்சி வாங்கி வந்தேன். அதை வாசலில் நட்டு, மஞ்சள் பூசி, அக்காவின் குங்குமத்தையெல்லாம் காலி பண்ணி, அவளுடைய சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிவிட்டீர்கள். ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன்!

"இது என்ன சாமி, அத்தான்?"

"மூணு கல்லு இருக்குல்லா? மூணு முகம். முப்பிடாதின்னு வச்சுக்க."

மறுநாள் சம்மட்டியோடு வந்தவர்களில் பெரியவர் ஒரு மராட்டிக்காரர். நம் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "தேவி ஆஹே. ஸோடா" என்றார். அம்மன் இருக்கிறாள், விட்டுவிடுங்கள் என்று. இரண்டு பக்கமும் வீடுகள் தரையோடு போயின. நம் வீடு நின்றது. அக்கம்பக்கத்தார் மறுபடி குடிசை போடத் தகரத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நாம் இரண்டு பேரும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் நடந்தது எதுவும் நம் கையில் இல்லை. பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வரத் தொடங்கினார்கள். டைல்ஸ் வந்தது, சின்னதாக ஒரு கோபுரம் வந்தது, ஆடிக்கு ஆடி கொடை வந்தது. கொடை என்றால் வாலிபால் போட்டி இல்லாமலா? சுனாபட்டி டீமும் ஆண்டாப் ஹில் டீமும் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வலை கட்டும். பூசாரியும் நீங்களே, விசில் ஊதுகிற ரெப்ரியும் நீங்களே. இந்த வருஷமும் நடந்தது. நம் பையன்கள் செமி பைனலில் தோற்றார்கள். நீங்கள் இருந்திருந்தால் கோட்டுக்கு வெளியே விழுந்த ஒரு பந்தையாவது உள்ளே என்று சொல்லிக் காப்பாற்றியிருப்பீர்கள்.

அக்காவும் நம்ப ஆரம்பித்தாள். செங்கல் வந்த கதை அவளுக்குத் தெரியாதா? "ஒங்க அத்தான் வச்சாவ, சரி. வைக்கச் சொன்னது யாருல?" என்பாள்.

பயம் மட்டும் உங்களை விடவே இல்லை. கோவில் என்றிருக்கும்வரைதான் கை வைக்கமாட்டார்கள் என்று கரண்டு மீட்டரை அம்மன் பேரில் வாங்கினீர்கள். ரேஷன் கார்டும் ஓட்டர் கார்டும் என் குடும்பம் இருக்கிற ஆண்டாப் ஹில் அறையின் முகவரியில் இருந்தன. கோவிலுக்குள் குடும்பம் நடத்துவது தெரிந்தால் வம்பு என்றீர்கள். என்ன மூளை என் அத்தானுக்கு என்று நானே பத்துப் பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

லிஸ்ட் வந்த வாரம் அக்காவை அதைப் போட்ட ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தங்கமான பெண், அக்காவுக்கு நாற்காலி போட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய சர்வே ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினாள். மராட்டியில் மூன்று வரி. இது முப்பிடாதி அம்மன் கோவில். இங்கே யாரும் குடியிருக்கவில்லை. காவலுக்கு மட்டும் ஒருவர் படுத்துக்கொள்கிறார். அதன் கீழே தமிழில் உங்கள் கையெழுத்து. கடைசியில் நீங்கள் இழுக்கும் அந்த நீளக் கோடுகூட இருந்தது.

அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "ஏல, என்னல எழுதிருக்கு?"

அந்தப் பெண் ஹிந்தியில் சொல்ல வாயெடுத்தாள். அக்காவுக்குப் படிக்கத்தான் தெரியாது, ஹிந்தி நன்றாகவே புரியும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தையும் அக்கா முகத்தையும் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரை மூடினாள்.

"சர்வேக்காரன் எவனோ தப்பா எழுதிட்டுப் போயிருக்கான்க்கா" என்றேன்.

அப்பீல் போட்டோம், தள்ளிவிட்டார்கள். இனிமேல் அலைவது வீண் என்று வக்கீலே சொல்லிவிட்டார். தீபாவளி முடிந்ததும் காலி செய்ய வேண்டும்.

இதைக் கேளுங்கள். அம்மனுக்கு இடம் உண்டாம். புதுக் கட்டிடத்து காம்பவுண்டில் ஒரு மூலையைச் சந்துக்காரர்கள் பேசி வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் கும்பிடுகிற சாமி. அக்காவை என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன். வந்தாள். ஐந்து பேர் இருக்கிற என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "எங்கல படுக்க?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை இல்லாதவள், வேறு எங்கே போவாள்? ஊரில்தான் யார் இருக்கிறார்கள்?

என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தான். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டீர்களா? இல்லை, இந்தத் தடவையும் ஜெயித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே போட்டீர்களா?

இதையெல்லாம் பத்திரிகையில் போடலாமா என்று யோசித்தேன். தாராளமாகப் போடலாம். அக்காவுக்கு எழுத்தே தெரியாது. சந்துப் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் தமிழைப் பேசுவதோடு சரி. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். நம் சந்துக்காரர்களிடமிருந்து ஒரு விஷயத்தை ஒளித்துவைக்கத் தமிழ்ப் பத்திரிகையைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அக்காவுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் உங்கள் படத்துக்குப் பூ வைப்பாள். பிறகு வாசலுக்கு வந்து அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு ஏச ஆரம்பிப்பாள். "எங் குடியக் கெடுத்து எழுதுனவன் கை புழுத்துப் போவட்டும், தாயே!" முந்தாநாள் நான் பக்கத்தில் நின்றேன். "நீயும் சொல்லுல. கூடப்பொறந்தவன் சொன்னா அவ கேப்பா" என்றாள்.

சொன்னேன், அத்தான். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு, உங்கள் கை புழுத்துப் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

நாளைக்கும் சொல்லச் சொல்வாள், நானும் சொல்வேன். அது யாருடைய கை என்று மட்டும் அவள் உயிரோடு இருக்கும்வரை என் வாயிலிருந்து வராது. வேறு எதையும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னிடம் வழியில்லை.

உங்கள் மனைவிக்குத் தம்பி, உங்களுக்கு மச்சினன்,
முருகேசன்