அந்த ஒன்பது பேர்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
23.11.1997

அன்பு மருமகள் சாம்பவிக்கு,

உன் மாமன் இராஜரட்ணம் எழுதுவது. நானும் என் தங்கச்சி, உன்னைப் பெற்ற கொம்மாவும், பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். கொம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் தொடங்கியதிலிருந்து தனிக்கட்சி நடத்துகிறது. நீ அந்த ஸ்கொட்லாந்து இன்வர்டூன் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

முதலில் வாழ்த்து. கவுன்சிலர் சாம்பவி! எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு பதவியை ஒருவரும் கண்டதில்லை. நான் கண்டிருப்பேன், கேட்டவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது வேறு கதை. வாழ்த்து பிந்தி வருகிறதே என்று நீ யோசிப்பாய். உன் வெற்றி எனக்கே பிந்தித்தான் விளங்கியது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சிரிப்பதென்றால் சிரி.

செப்ரெம்பரில் நீ தொலைபேசியில் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம். பழைய கவுன்சிலர், அந்த வள்ளக்காரக் கிழவர், செத்துப்போனார், இடைத்தேர்தல் வருகிறது, முதியோர் இல்லத்தை மூடப் பார்க்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிற நேர்ஸ்தான் நிற்கவேண்டும் என்று சனம் சொல்லுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தோத்தனெண்டால் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு உங்களிட்டை வந்திடுறன் மாமா" என்றாய். மற்ற றிசீவரில் கொம்மா கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

பத்து வருடம், பிள்ளை. நீ படிக்கப் போகிறேன் என்று பலாலியில் பிளேன் ஏறியபோது கொம்மாவுக்குத் தலையில் ஒரு நரை இல்லை. அவவுடைய அகதிப் பேப்பர் இன்னும் ஒட்டாவாவில் ஏதோ மேசையில் படுத்துக் கிடக்கிறது. அது எழும்பும்வரை அவ கனடாவை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. நீ வந்தால்தான் உண்டு. அதனால் உன் தேர்தலை இந்த வீட்டில் எப்படிப் பார்த்திருப்போம் என்று நீயே யோசி. கொம்மா கோவிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்வித்தா. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்பது எனக்கும் பிள்ளையாருக்கும் இடையில் இருக்கட்டும்.

லோரன்ஸ் வீதிக் கோப்பிக் கடையில் உன் தொகுதியைப் பற்றி நான் நடத்திய கூட்டங்களை நீ பார்த்திருக்க வேண்டும். என் கூட்டாளி அகஸ்ரினுக்கு ஸ்கொட்லாந்து எந்தப் பக்கம் என்றே தெரியாது. கோப்பிக் கோப்பையை இங்கிலாந்தாக வைத்து, மூடியைத் தூக்கி, "இதுதான் ஸ்கொட்லாந்து" என்று காட்டினேன். பிறகு மேசையில் வாக்காளரைப் பரப்பினேன். சீனிப் பக்கற் எல்லாம் துறைமுகத் தெரு. அவர்கள் கட்சி பார்க்கமாட்டார்கள், ஆளைப் பார்த்துத்தான் போடுவார்கள். பால் டப்பாக்கள் மேட்டுத் தெரு. அப்பன் போட்ட கட்சிக்கே மகனும் போடுவான். உப்புப் பக்கற் பண்ணைக்காரர், மழையென்றால் வெளிக்கிடமாட்டார்கள். இதெல்லாம் நீ சொன்னதுதான், நான் கொஞ்சம் மெருகு போட்டேன். கடைக்காரன் சீனியை எண்ணத் தொடங்கிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. யாழ்ப்பாணத்தில் மூன்று தேர்தலைக் கையால் நடத்தினவன் நான். கையால் என்றால் உண்மையாகவே கையால். கோதுமைமாப் பசை முழங்கைவரை ஏறியிருக்கும். எந்த மதிலில் நோட்டீசு மறுநாளும் இருக்கும், எதில் கிழிக்கப்படும் என்று ஒட்டினவனுக்குத்தான் தெரியும். ஊரின் மனம் மதிலில்தான் இருக்கிறது.

எங்களுக்கும் இங்கே பத்தாம் தேதி தேர்தல் நடந்தது. ஜனவரியோடு ஸ்காபரோ என்றொரு மாநகரம் இல்லை, எல்லாம் ஒரே ரொறன்ரோ ஆகிறது. வாக்கு எனக்கு மட்டும்தான். கொம்மா துணைக்கு வந்து பள்ளிக்கூட விறாந்தையில் காத்து நின்றா. நான் போட்டுவிட்டு வர, "இப்பிடித்தானே அண்ணை அங்கையும் ஆரோ ஒராள் போய்ப் பிள்ளைக்குப் போட்டிருக்கும்?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லி, அவவின் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் தபால் வந்தது. பேப்பர்த் துண்டு ஒன்று. மழைக்கோட்டோடு நீ நிற்கிற படம். கூடவே ஒரே ஒரு வரி: "அம்மாவிட்டை நீங்களே சொல்லுங்கோ மாமா." இந்த வரியைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு சொல்லிவிட்டது. வென்றவள் தொலைபேசியில் கத்துவாள், தோற்றவள்தான் தபாலில் ஒளிவாள் என்று நினைத்தேன். பேப்பரைப் பார்த்தால் உன் பெயர், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ரிற்றேண்ட்', அதற்குப் பிறகு 'ஒன்பது வாக்குகளால்' என்று கிடக்கிறது.

நான் வேலை செய்கிற களஞ்சியத்தில் திரும்பி வருகிற சாமான் பகுதி முழுக்க என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் இருக்கிறார், அவர் பெரும்பாலும் லீவு. சனம் வாங்கிக்கொண்டு போய், அளவில்லை, பிடிக்கவில்லை, சத்தம் போடுகிறது என்று கொண்டுவந்து எறிகிற மிக்சி, சப்பாத்து, விளக்கு எல்லாவற்றின் பெட்டியிலும் சிவப்பு மையால் நான் குத்துகிற சொல் அதுதான்: ரிற்றேண்ட். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. நாள் முழுக்க நான் குத்துகிற சொல்லுக்கு எனக்கு யார் பொருள் சொல்லித் தரவேண்டும்? சனம் உன்னை வேண்டாம் என்று ஒன்பது வாக்கால் திருப்பி அனுப்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கொம்மாவிடம் போய், "இராஜேஸ், பிள்ளை தோத்திட்டாள், வாறாள்" என்றேன். அவ அடுப்பை நிற்பாட்டினா. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தா. "பாவம், எவ்வளவு அலைஞ்சவள்" என்றா. பிறகு, "அந்தச் சின்ன அறையை ஒதுக்குவமே அண்ணை?" என்றா. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னா, பிள்ளை. கண் அழுதது, வாய் சிரித்தது.

அறைக்கு நான் அடித்த பெயின்ரைப் பார்த்தால் மோர்னிங்சைட் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் வந்து நிறத்தின் பெயர் கேட்பார்கள். கட்டில், மேசை, இரண்டு விளக்கு, எல்லாம் என் களஞ்சியத்துச் சாமான். ஒரு விளக்குக் கொஞ்சம் மினுங்கும், அதுவும் ஒரு அழகுதான். கொம்மா உனக்கென்று கறித்தூள் வறுத்ததில் நெருப்பு மணி அடித்து, மேல்வீட்டுச் சீனன் சேர்ட் இல்லாமல் ஓடிவந்தான். நான் கோப்பிக் கடையில், ஸ்கொட்லாந்து மந்திரிசபை எங்கள் பிள்ளையை விடமாட்டேன் என்கிறது, ஆனாலும் புது ரொறன்ரோவுக்கு ஆள் தேவை என்பதால் வருகிறாள் என்று சொல்லிவைத்தேன். அகஸ்ரின், "ஸ்கொட்லாந்துக்கு மந்திரிசபை இருக்கோ அண்ணை?" என்றான். விட்பியில் வீடு வாங்கி, பாதி ஆயுளை ரயிலில் கழிக்கிறவனுக்கு உலக நடப்பு எங்கே தெரியப் போகிறது?

போன ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அகஸ்ரினும் பெண்சாதி பேர்ணடெற்றும் அறையைப் பார்க்க வந்தார்கள். பேர்ணடெற் அந்தக் காலத்தில் மன்னார்க் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக். பெருமையாகப் பேப்பரை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தா. என்னைப் பார்த்தா. திரும்பவும் வாசித்தா.

"அண்ணை, பிள்ளை தோக்கேல்லை. வெண்டிட்டாள்."

"எடி, நான் ஒவ்வொரு நாளும் குத்துற சொல்லு. எனக்கே படிப்பிக்கிறியோ?" என்றேன்.

"உது உங்கடை கடை இங்கிலீசு. தேர்தல் இங்கிலீசிலை ரிற்றேண்ட் எண்டால் சனம் தெரிஞ்செடுத்து அனுப்பினது. கச்சேரியிலை ரிற்றேணிங் ஒஃபீசர் எண்டு ஒருத்தர் இருந்தவரே, தேர்தல் முடிவைச் சொல்லுறவர், அவர் ஆரைத் திருப்பி அனுப்பினவர்? இஞ்சை பாருங்கோ, இவளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அடுத்தவருக்கு நானூற்று மூண்டு."

நான் மேலும் வாதாடியிருப்பேன். ஆனால் கொம்மா அறைவாசலில் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றா. 'அப்ப வரமாட்டாளோ' என்று கேட்பா, என்ன பொய் சொல்லலாம் என்று என் மூளை அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தது. அவ அதைக் கேட்கவில்லை.

"எத்தினை பேர் போட்டவை எண்டனி?"

"நானூற்றுப் பன்னிரண்டு பேர் அக்கா."

"முழுக்க வெள்ளையளோ?"

"வேறை ஆர்? அந்த ஊரிலை தமிழ்ச்சனம் எண்டால் இவள் ஒருத்திதானே."

கொம்மா படத்தை வாங்கி, உன் மழைக்கோட்டைப் பார்த்தா. "நல்ல மழை போலை. மழைக்குள்ளை நடந்து போயோ போட்டவை?"

"ஓம் அக்கா."

"அப்ப அவள் அங்கை தனிய இல்லை."

அவ்வளவுதான் சொன்னா. பிறகு தலையணையை எடுத்து உறையைப் போட்டு, நாலு மூலையும் இழுத்துவிட்டு, தட்டி, கட்டிலில் வைத்தா. பத்து வருடமாக அவவுடைய பயம் அது ஒன்றுதான் என்பது பக்கத்திலேயே இருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ ஏன் தொலைபேசி எடுக்காமல் தபால் போட்டாய் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. வென்றேன் என்று சொன்னால் வரமாட்டேன் என்றும் சொல்வதாகுமே என்று ஒளிந்தாய், இல்லையா? பயப்படாதே. சொல்லியாயிற்று. கொம்மா பேர்ணடெற்றுக்கு இரண்டு தரம் கேசரி வைத்தா.

எனக்குத்தான் பிள்ளை, அந்த ஒன்பது பேர் மனதை விட்டுப் போகிறார்கள் இல்லை. ஐந்து பேர் மாற்றிப் போட்டிருந்தாலே காரியம் முடிந்திருக்கும் என்று அகஸ்ரின் கணக்குக் காட்டுகிறான். அவன் கணக்கு அவனோடு இருக்கட்டும். எனக்கு ஒன்பதுதான். சாமான் பெட்டியில் முத்திரை குத்தும்போது ஒவ்வொருவராக வந்து முன்னால் நிற்கிறார்கள். நீ கால் கட்டிவிடுகிற அந்த விதவைக் கிழவி ஒன்று. மீன் பொரிக்கிற கடைக்காரன் ஒன்று. முதியோர் இல்லத்து இரட்டைச் சகோதரிகள், அவர்கள் இரண்டு. மழைக்கும் பயப்படாமல் உழவு இயந்திரத்தில் வந்த ஒரு பண்ணைக்காரன். அவன் உண்மையில் வந்தானோ தெரியாது, ஆனால் எனக்கு அவனை நன்றாகத் தெரியும், சிவந்த மூக்கு. இவர்களுக்கு ஆளுக்கொரு சளித் தடிமன் அன்றைக்கு வந்திருந்தால் வாக்கு சரிசமமாகி, சீட்டுக் குலுக்கி, நீ இந்நேரம் சின்ன அறையில் படுத்திருந்தாலும் படுத்திருப்பாய். முதல் இரண்டு நாள் இவர்களோடு சண்டை பிடித்தேன். இப்போது கோபமில்லை. என்னைப் போலத்தானே அவர்களும், உன்னை விட மனமில்லாத ஆட்கள்.

அறையை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தது. இல்லை என்று அனுப்பிவிட்டேன். பொழுதுபட்டால் கொம்மா போய் அங்கே விளக்கைப் போடுகிறா. ஏன் என்று கேட்டால், மினுங்குகிற விளக்கு பழுதாகாமல் பார்க்கிறாவாம்.

இனி ஒரு விசயம் கேட்கிறேன். கவுன்சிலரிடம் கேட்பது போலக் கேட்கிறேன். முதலில் முதியோர் இல்லத்தை மூடவிடாதே, அது உன் வேலை. அது முடிந்ததும் அந்த ஒன்பது பேரையும் தேடிப் பிடி. வாக்கு இரகசியம் என்று எனக்குச் சட்டம் படிப்பிக்காதே, அப்படியான ஆட்கள் முகத்திலேயே தெரியும். கிழவிக்குக் கால் கட்டும்போது கேள், மீன் வாங்கும்போது கேள். "கனடாவிலை எனக்கு ஒரு அம்மா இருக்கிறா, ஒரு மாதத்துக்கு என்னை இரவல் குடுப்பியளோ?" என்று கேள். மாமன் இராஜரட்ணம் பொறுப்பு என்று சொல். களஞ்சியத்தில் அவனுக்குப் பெரிய பெயர், ஒரு கீறல் விழாமல் சாமானைக் கையாளுகிறவன் என்று சொல். மாதம் முடிய உன் பெட்டியில் சிவப்பு மையால் 'ரிற்றேண்ட்' என்று நானே என் கையால் குத்தி, அவர்களிடமே திருப்பி அனுப்பிவைப்பேன். எந்த இங்கிலீசில் வேண்டுமானாலும் அவர்கள் அதை வாசித்துக்கொள்ளட்டும்.

உனக்கு வாக்குப் போட்ட அத்தனை பேரும், போடாத மற்றவர்களும் நல்லாயிருக்க வேண்டும். நீ மழைக்கோட்டின் பொத்தானை மேலே வரைக்கும் பூட்டிக்கொண்டு திரி. படத்தில் ஒன்று திறந்திருக்கிறது என்று கொம்மா சொல்லச் சொன்னா.

உன் வரவு பார்த்திருக்கும்,
மாமன்
இராஜரட்ணம்